அறவண அடிகளின் முதுமை

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அறவண அடிகளை, பௌத்தக் கோட்பாடுகளை எடுத்துரைக்க வந்த பாத்திரமென்றே பலரும் கருதுவர். 29ஆம் காதையில் தருக்க இலக்கணம் விரிய விரிய, அம்முதியவரின் உருவம் மங்கிவிடுவதும் உண்மையே. ஆயினும் அவர்தம் பெருமை பிறிதோரிடத்தில் உளதென்பது நம் கருத்து.

12ஆம் காதையில் தம்மை வந்து வணங்கிய மணிமேகலைக்கு அவர் தத்துவத்தைப் போதிக்க முற்படவில்லை. பசிப்பிணி தீர்க்கும் அறத்தையே முதலில் காட்டுகிறார். அவள் வஞ்சியில் பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்டறிந்த பின்னரே தம் நெறியை விளக்குகிறார். உடல் நரைத்தும் நாத் தளராதவர் எனக் காப்பியம் அவரைப் போற்றுகிறது. அந்நாவுக்குப் பொறுத்திருக்கவும் தெரிந்திருந்தது.

பின்னர்ப் புகாரைக் கடல் கொண்டது. மாதவி, சுதமதியருடன் வஞ்சிக்குச் சென்ற அடிகள், அங்கிருந்து காஞ்சியை அடைகிறார். அங்கே மணிமேகலை அவர் அடிகளைக் கழுவி, ஆசனமிட்டு, உணவு படைக்கிறாள். பிறர் பசி தீர்க்குமாறு பணித்த ஆசான், ஊரிழந்து வந்த நாளில் மாணவியின் கையாலேயே பசியாறுகிறார். கற்பித்த அறம் பலித்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய அந்தமான் தீவுகளில், மாயாபந்தரில் குடியேறி வாழும் நமக்கு இக்காட்சி அயலானதன்று. கடல் கடந்து வந்த நம் மூத்தோரின் சொற்களை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது நன்றே. அம்மூத்தோர் தளர்ந்திருக்கையில் இலையிட்டுப் பரிமாறக் கற்பதே அதனினும் நன்று.