தொடக்கநிலையினரும் மலிவு மடிக்கணினியும்: ஒரு மதிப்பீடு

கருவியொன்று எளியோர்க்கென ஆக்கப்பட்டது எனும்போது, விலையின் எளிமையும் கற்றலின் எளிமையும் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டும் வேறானவை. 2005 ஆம் ஆண்டில் நிக்கலஸ் நெக்ரொபொன்டே உலகுக்கு அறிமுகஞ்செய்த 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்னுந் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். 100 டொலர் என்பது அதன் இலக்கு. 2007 இல் பேரளவில் உற்பத்தியானபோது விலை 180 டொலரைக் கடந்திருந்தது. 2009 ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் சில பாடசாலைகளில் இக்கணினி பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டது.

'எக்ஸ்ஓ' எனப் பெயரிய அப்பொறியின் சிறப்புகளை மறுத்தல் இயலாது. வெயிலிலும் வாசிக்கத்தக்க திரை, தூசும் ஈரமும் புகாத இறப்பர் விசைப்பலகை, பழுது பார்ப்பதற்கென உள்ளேயே வைக்கப்பட்ட மேலதிகத் திருகாணிகள் என யாவும் பின்தங்கிய கிராமத்துப் பிள்ளையை மனங்கொண்டே அமைக்கப்பட்டன. இதன் பின்னே நின்றது சீமோர் பப்பெர்ட் 1980 இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' என்னும் நூலின் கருத்து: கணினி பிள்ளைக்குக் கற்பிப்பதன்று, பிள்ளையே கணினிக்குக் கற்பித்துத் தானுங் கற்பது. செயலியொன்றின் மூலநிரலைப் பிள்ளையே திறந்து பார்ப்பதற்கும் விசைப்பலகையில் ஏற்பாடு இருந்தது.

ஆயின், திறந்த கதவின் அப்பால் இருந்தது யாது? பைதான் மொழியில் எழுதப்பட்ட அந்நிரல்களின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமானவை. தமிழ்வழி கற்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை பொறியையும் பிறமொழியையும் ஒருங்கே கற்கவேண்டியதாகிறது. பொறியைத் தொட அஞ்சாத பிள்ளையும் சொல்லின் பொருள் விளங்காது தயங்கி நிற்கும். அதே பைதான் கொண்டு 'எழில்' என்னுந் தமிழ் நிரல்மொழி பின்னர் ஆக்கப்பட்டமை, இத்தடை இயல்பானதன்று என்பதைப் புலப்படுத்துகின்றது.

மொழித்தடை நீங்கினாற் போதுமா என்ற வினாவும் எழும். பெரு நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் ஸ்பானிய மொழியிலேயே கற்றனர். எனினும் அங்கு 319 பாடசாலைகளில் நடத்தப்பெற்று 2012 இல் வெளியான ஆய்வு, கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் எதனையுங் காணவில்லை. பொதுச் சிந்தனைத் திறன்களிலேயே ஓரளவு உயர்வு தென்பட்டது. வழிகாட்டும் ஆசிரியரின்றிப் பொறி மாத்திரம் பாடத்தைக் கற்பித்துவிடாது என்பதே இதனாற் பெறப்படும்.

தானே கற்றல் யாழ்ப்பாணத்தார் அறியாததன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மின்சாரமும் மின்கலமும் அற்ற நிலையில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். எனினும் அக்கல்வி தனித்தொருவர் பெற்றதன்று. ஒருவர் செய்ததை அயலவர் பார்த்து, கேட்டு, திருத்திப் பரவியது. தேவையும் துணையும் தம் பேச்சுமொழியும் ஒருங்கு கூடியவிடத்தே அது கைவந்தது.

இதனினும் தெளிவான அளவுகோல் மானிப்பாயில் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், புதிய மருத்துவத்தை ஈற்றில் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். அதற்காக மாணவரைத் துணைக்கொண்டு நூல்களை மொழிபெயர்ப்பித்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார். 1867 இல் 'இரணவைத்தியம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என்பன வெளிவந்தன. கத்தியையும் மருந்தையும் வழங்கியதோடு அவர் அமையவில்லை; அவற்றைப் பற்றிப் பேசுஞ் சொல்லையும், பேசிக் காட்டும் ஆசிரியரையும் உருவாக்கினார். 'கெமிஸ்தம்' போன்ற சொற்கள் இன்று வழக்கிழந்தன எனினும், அவை அன்று மாணவர்க்குக் கதவு திறந்தன.

பொறியின் விலையைக் குறைத்தல் தொழிற்சாலையில் இயலும். சொல்லாக்கமும் ஆசிரியர் பயிற்சியும் அவ்வாறு மலிவாகக் கிடைப்பனவல்ல. ஆண்டுகள் பல வேண்டுவன. அச்செலவைக் கணக்கிற் கொள்ளாத எத்திட்டமும் தொடக்கநிலையினர்க்கு உரியதெனத் தன்னைக் கூறிக்கொள்ளும் தகுதியுடையதன்று.