டுன்டுனியும் நம் குழந்தைக் கதைகளும்

கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நமக்கு, பிற நகரத்துத் தமிழர்க்கு எளிதிற் கிட்டாத வாய்ப்பொன்று உண்டு. தன் தலைசிறந்த எழுத்தாளர்களே குழந்தைகளுக்கும் எழுதிய ஒரு மொழியின் நடுவே நாம் குடியிருக்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியிலும் பக்கத்து வீட்டிலும் வங்கக் கதைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு வருகின்றனர். வீடு திரும்பியதும் நாம் தமிழ்க் கதையொன்றைப் படித்துக் காட்டினால் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுகின்றனர். பிள்ளைகளுக்குத் தமிழார்வம் இல்லை என்று சொல்லி நாம் அமைதி அடைகிறோம். பழி பிள்ளைகளைச் சாருமா, கதைகளைச் சாருமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

வங்கத்தார் கதையிலிருந்தே தொடங்குவோம். உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி 1910-ஆம் ஆண்டில் ‘டுன்டுனிர் பொய்’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். டுன்டுனி என்பது நம் தையல்சிட்டு. இலையைத் தைத்துக் கூடு கட்டும் கட்டைவிரல் அளவுப் பறவை. கிழக்கு வங்கத்துப் பெண்கள், இரவுச் சோறு ஆகுமுன் தூங்கி விழும் குழந்தைகளை விழித்திருக்கச் செய்வதற்காகச் சொல்லிவந்த கதைகள் இவை என்று ஆசிரியரே முன்னுரையில் குறிக்கிறார். கதைகள் பிறந்த காரணத்தை நோக்குக. அறிவு புகட்டுவதற்கன்று, ஒழுக்கம் கற்பிப்பதற்கும் அன்று; உலையிலிருக்கும் அரிசி வேகும்வரை ஒரு குழந்தையின் கண் மூடாதிருப்பதற்கு. அத்தகைய கதையில் தொய்வுக்கு இடமேது? ஒரு வரி சோர்ந்தால் குழந்தை உறங்கிவிடும், சொல்பவள் தோற்றுப்போவாள்.

அந்நூலில் ஓர் அரசன் கதை வருகிறது. அரசன் தன் கருவூலப் பணத்தை வெயிலில் உலர்த்துகிறான். மாலையில் அள்ளும்போது ஒரு காசு தங்கிவிடுகிறது. அதைத் தோட்டத்து மூலையில் கூடு கட்டியிருக்கும் டுன்டுனி எடுத்துச் செல்கிறது. அரசனிடம் உள்ள செல்வம் தன்னிடமும் உள்ளதென்று பாடத் தொடங்குகிறது. அரசன் காசைப் பறித்தால், என் காசுக்கு ஆசைப்பட்டான் என்று பாடுகிறது. நாணித் திருப்பிக் கொடுத்தால், பயந்து கொடுத்தான் என்று பாடுகிறது. சினங்கொண்ட அரசன் பறவையைப் பிடித்துவரச் செய்து, வறுத்து வைக்குமாறு ஏழு அரசியரிடம் கொடுக்கிறான். அவர்கள் கைக்குக் கை மாற்றிப் பார்க்கையில் அது பறந்துவிடுகிறது. அஞ்சிய அரசியர் தவளையொன்றை வறுத்து வைக்கின்றனர். அரசனும் மகிழ்ந்து உண்கிறான். மறுகணமே சாளரத்துக்கு வெளியிலிருந்து பாட்டு எழுகிறது. ஏழு அரசியரின் மூக்கும் போகிறது. மீண்டும் பிடிபட்ட பறவையை அரசன் உயிரோடு விழுங்க, அது ஏப்பத்தோடு வெளிவந்துவிடுகிறது. மறுபடி பிடித்து விழுங்கி, வாளேந்திய காவலனை அருகில் நிறுத்திக்கொள்கிறான். குமட்டலோடு பறவை வெளிப்பட, காவலன் வாளை வீச, பறவை தப்ப, போனது அரசனின் மூக்கு.

இக்கதை நம் சிறுவர் இதழ் ஒன்றுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான பயிற்சி. முதலில், பிறர் பொருளை எடுத்தது தவறென்று பறவை உணர்ந்திருக்கும். அரசன் அதன் நேர்மையை மெச்சிப் பொற்காசு பரிசளித்திருப்பான். மூக்கு எவர்க்கும் போயிராது. இறுதியில் தடித்த எழுத்தில் ‘நீதி’ என்று ஒரு வரி நின்றிருக்கும். இதை மிகை என்று கருதுவோர், இந்நகரிலும் பிற நகரங்களிலும் தமிழர் அமைப்புகள் வெளியிடும் ஆண்டு மலர்களின் சிறுவர் பகுதியைப் புரட்டிப் பார்க்கலாம். பொய் சொன்ன சிறுவனுக்குக் காய்ச்சல் வருகிறது. அன்னையின் அறிவுரையால் திருந்துகிறான். தேர்வில் முதலாவதாகத் தேறுகிறான். முக்கால் பக்கத்தில் இத்தனையும் முடிகின்றன. காய்ச்சலுக்கும் பொய்க்கும் என்ன தொடர்பென்று எந்தக் குழந்தையும் கேட்கும். கதை எழுதியவர்தாம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழு பெண்களின் மூக்கை அறுக்கும் கதையைக் குழந்தைக்குச் சொல்லலாமா என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. அவ்விடத்தில் நமக்கும் உறுத்தல் இல்லாமல் இல்லை. அரசியரின் தண்டனையை இன்று சொல்பவர் வேறு வகையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அரசன் மூக்கைத் தொடலாகாது. கட்டைவிரல் அளவே உள்ள உயிர் ஓர் அரசனை மீண்டும் மீண்டும் மடக்குவதில்தான் குழந்தையின் மகிழ்ச்சி அடங்கியுள்ளது. வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுதும் பெரியவர்களின் ஆணைக்குட்பட்டு நிற்கும் ஒருவர்க்கு அம்மகிழ்ச்சி எத்துணைத் தேவையானது என்பதை, மேலதிகாரி உள்ள எவரும் அறிவர்.

நீதிக்கதை மரபு நம் முன்னோர் வகுத்ததென்று கூறி ஒதுங்கிவிடவும் இயலாது. தாண்டவராய முதலியார் 1826-ஆம் ஆண்டில் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் நீதி அரச நீதி, பிழைக்கும் வழி. தன் ஈரலை மரத்தில் வைத்துவிட்டு வந்ததாகக் குரங்கு முதலையிடம் கூறுவது பச்சைப் பொய். அப்பொய்தான் அதன் உயிரைக் காக்கிறது. இக்கதையைச் சொல்லிவிட்டு ‘பொய் பேசாதே’ என்று குழந்தைக்கு உபதேசித்தால் அது நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கும். நூலில் இருந்த கூர்மையைப் பிற்காலத்துப் பாடநூற் பதிப்புகளே மழுக்கின. பழி மட்டும் பழைய நூலின் மேல் நிற்கிறது.

இனி மொழிநடைக்கு வருவோம். நம் கருத்தில் சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. உபேந்திரகிஷோர் எழுதிய காலத்தில் வங்க உரைநடையில் ‘சாது பாஷை’ என்னும் ஏட்டு வழக்கே கோலோச்சியது. பேச்சு வழக்கை இலக்கிய உரைநடைக்கு உரியதாக்க வேண்டுமென்று பிரமத சௌதுரி ‘சபுஜ் பத்ர’ இதழின் வாயிலாக முழங்கியது 1914-இல். அதற்கு நான்காண்டுகள் முன்னரே, எந்த முழக்கமும் இன்றி, டுன்டுனி பேச்சு வழக்கில் வந்துவிட்டது. அடுப்படியில் பிறந்த கதையை அந்தக் குரலிலேயே எழுதினால்தான் குழந்தை விழித்திருக்கும் என்பது ஆசிரியர்க்குத் தெரிந்திருந்தது.

தமிழில் இவ்விடைவெளி இன்னும் பெரிது. வெளியூர்த் தமிழ்க் குழந்தைக்கோ அது கடலளவு. தமிழகத்தில் வளரும் குழந்தை பாடநூலிலும் சுவரொட்டியிலும் ஏட்டுத் தமிழைக் கண்டு பழகிவிடுகிறது. நம் குழந்தைக்குத் தமிழ் செவி வழியே மட்டும் வந்தது. அம்மாவும் பாட்டியும் பேசும் அளவே அதன் தமிழ். அதனிடம் சென்று, ‘அடர்ந்த வனத்தின்கண் வாழ்ந்துவந்த சிங்கமொன்று பசியால் வாடியதன் காரணமாக இரை தேடிப் புறப்பட்டது’ என்று படித்தால், சிங்கம் புறப்படுமுன் குழந்தை புறப்பட்டுவிடும். அதையே, ‘ஒரு காடு. காட்டில் ஒரு சிங்கம். சிங்கத்துக்குப் பசி. சும்மாப் பசி இல்லை. நேற்றுப் பசி, முந்தாநாள் பசி, எல்லாம் சேர்ந்த பசி’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் கொச்சை எதுவும் இல்லை. பாலக்காட்டார்க்கும் திருநெல்வேலியார்க்கும் தஞ்சையார்க்கும் ஒன்றுபோலவே விளங்கும். மாறியிருப்பது வாக்கியத்தின் மூச்சு. வினையெச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இறுதியில் ஒரு வினைமுற்றைத் தொங்கவிடுவது கட்டுரைக்குப் பொருந்தலாம். நாம் இப்பொழுது எழுதும் நடையில் எந்தக் குழந்தைக்கும் கதை சொல்லலாகாது.

பேச்சு நடை என்றதும் சிலர் வட்டார வழக்கை அப்படியே கொட்டிவிடுகின்றனர். அதுவும் வழியன்று. கொங்கு நாட்டுச் சொல்லொன்றுக்குத் தஞ்சாவூர்த் தாய் நின்று பொருள் கூற வேண்டியிருந்தால் கதை அறுந்துபோகும். செவிக்கு எழுதுவதன் கருவிகள் வேறு: குறுகிய வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் தொடர், சரசர, கடகட, தொபுக்கடீர் போன்ற ஒலிக்குறிப்புகள். இவ்வொலிச் சொற்களில் தமிழ் எந்த மொழிக்கும் இளைத்ததன்று. அவற்றை இழிவழக்கென்று எண்ணி நம் எழுத்தாளர் பலர் கூச்சப்படுகின்றனர் என்பதே குறை.

தமிழிலேயே இதற்குச் சான்று உள்ளது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை குழந்தைகளுக்காக எழுதப்பட்டதன்று. அயல்நாட்டவர் வழக்குத் தமிழ் பயில்வதற்கென எழுதப்பட்டது. 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. ஆறு உறங்குகிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையைத் தோய்த்துப் பார்த்து, புகை எழக் கண்டு அலறியோடும் சீடன். தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் ஆற்றோடு போனான் என்று அழும் கூட்டம். குதிரை முட்டையென்று நம்பி வாங்கிய பூசணிக்காய். இவற்றைத் தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தமக்கென எடுத்துக்கொண்டனர். தமிழைப் புதிதாகக் கற்கும் பெரியவர்க்கு எழுதிய கதை, பாதித் தமிழோடு வளரும் நம் பிள்ளைக்கு இன்றும் நூல் நிலையத்துப் பல நூல்களைவிடப் பொருந்துகிறது. மட்டி, மடையன் என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் சிரிக்காத குழந்தையை நாம் கண்டதில்லை.

பின்வந்தோரில், இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டே எழுதிய அழ. வள்ளியப்பா செவியின் இயல்பை நன்குணர்ந்தவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாயிருந்தவரும் அவரே. எனினும் அவருடைய பாடல்களில் உள்ள துள்ளல் நம் கதை உரைநடைக்கு இறங்கி வரவில்லை என்பது நம் கணிப்பு. வாண்டுமாமாவிடம் விறுவிறுப்பு இருந்தது. அடுத்தது என்ன என்று ஏங்கவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. அண்மைக்காலத்தில், 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பால சாகித்திய விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குறிப்பிடத்தக்கது. தவறாகத் தொடுவோரிடமிருந்து குழந்தை தன்னைக் காத்துக்கொள்வது என்னும் கடினமான பொருளை அது எடுத்துக்கொள்கிறது. அறிவுரை நோக்கம் அதற்கு உண்டு, மறைக்கவும் இல்லை. ஆயினும் பேசுவது ஒரு மரப்பாச்சி பொம்மையாகையால் பெரியவர் விரல் நீட்டும் தோரணை வரவில்லை. நோக்கமுள்ள கதை கதையாகவும் நிற்கக்கூடும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. நீதியே கூடாதென்பது நம் கட்சியன்று.

வங்கத்தில் மரபு எங்ஙனம் நீடித்தது என்பதையும் சிறிது காண்போம். உபேந்திரகிஷோர் 1913-இல் ‘சந்தேஷ்’ இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், இனிப்பு என்றும் பொருள். அவர் 1915-இல் மறைந்தபின் மகன் சுகுமார் ராய் இதழை ஏற்றார். கைக்குட்டை திடீரெனப் பூனையாகி மியாவ் என்னும் ‘ஹ ஜ ப ர ல’ அதில்தான் வந்தது. சுகுமார் 1923-இல் முப்பத்தைந்து வயதில் மறைந்தார். இடையில் நின்ற இதழை 1961-இல் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மீண்டும் தொடங்கியவர் பேரன் சத்யஜித் ராய். உலகப் புகழ் பெற்ற திரைப்பட இயக்குநர், சிறுவர் இதழுக்குக் கதை எழுதி, படமும் வரைந்தார். நம்மில் நாவலாசிரியர் ஒருவர் சிறுவர் கதை எழுதினால், அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்றல்லவா பேசிக்கொள்கிறோம்!

கடைசியாக, கதை நிகழும் இடம் பற்றி. இந்நகரில் இருந்துகொண்டு தமிழில் எழுதும் நம்மவர், சிறுவர் கதை என்றதும் காவிரிக்கரைச் சிற்றூருக்குப் போய்விடுகின்றனர். அவர்களுக்கு அது நினைவு. பிள்ளைக்கோ அது கோடை விடுமுறையில் பத்து நாள் கண்ட ஊர். அது அன்றாடம் காண்பவை வேறு. ஆடி மாதத்து மழையில் முழங்கால் அளவு நீர் தேங்கிய தெரு, அதில் செருப்பைக் கையில் பிடித்து நடக்கும் அப்பா, பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுவோர், லேக் மார்க்கெட்டில் வாழையிலைக்கும் கறிவேப்பிலைக்கும் பேரம் பேசும் பாட்டி, பாட்டியின் வங்காளியைத் திருத்தும் பக்கத்து வீட்டு மாஷி. இவற்றை வைத்துத் தமிழில் ஒரு கதை எழுதினால், புச்காவைத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி முதற் பக்கத்திலேயே வரும். புச்கா என்றே எழுதலாம். தமிழ் அதனால் கெட்டுவிடாது. பாட்டியும் மாஷியும் ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்காமல், ஆனாலும் விடாது பேசிக்கொள்ளும் காட்சியொன்றே போதும். பரமார்த்த குருவுக்கு நிகரான நகைச்சுவை அதில் கிடைக்கும். அத்தகைய கதை இதுவரை நம் மலர்கள் எதிலும் நம் கண்ணில் படவில்லை. அடுத்த ஆண்டு மலருக்கு எழுத எண்ணியிருப்போர், எழுதி முடித்ததும் பதிப்பாசிரியரிடம் கொடுக்குமுன், சோறு ஆகும் நேரத்தில் வீட்டுப் பிள்ளை ஒன்றை எதிரில் உட்காரவைத்து உரக்கப் படித்துப் பார்ப்பார்களாக.