ஆபகூக்கின் விசுவாசமும் நம் வாக்குத்தத்த வாசிப்பும்

ஆபகூக் 3:18-ஐப் புத்தாண்டு வாக்குத்தத்தமாக வழங்குவோர் நம்மிடையே உண்டு. களிகூருதலைக் கூறும் அவ்வசனத்தை, இழப்புகளை அடுக்கும் 17-ஆம் வசனத்தினின்று பிரிப்பது தகாதென நாம் கருதுகிறோம்.

புத்தாண்டுக்கு இரு நாட்களுக்கு முன், 2011 டிசம்பர் 30 அன்று, 'தானே' புயல் கடலூர்ப் பகுதியின் முந்திரி, பலா மரங்களை வீழ்த்தியது. 2015 நவம்பர் வெள்ளத்தில் சிதம்பரம் வட்டார நெல்வயல்கள் மூழ்கின. அத்திமரமும் வயலும் பலனற்றுப்போகும் அப்பட்டியலை இவ்வூரார் விளக்கவுரையின்றியே உணர்வர். மரம் மீண்டும் துளிர்க்குமென்று தீர்க்கதரிசி அங்குக் கூறவில்லை. அவரது நூலோ, தேவன் ஏன் கேளாதிருக்கிறார் என்னும் முறையீட்டுடனே தொடங்குகிறது (1:2). ஆகவே, முறையிடுவோரை அவிசுவாசிகளெனக் கடியும் பிரசங்கம் இந்நூலுக்கு மாறானது.

இழந்தவற்றைத் தேவசமுகத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கேயே அவரைப் பற்றிக்கொள்வதே விசுவாசம். புதிய கன்று காய்க்கும்வரை அன்றாடம் கூலிக்குச் செல்லும் விவசாயிக்கு இவ்விரு வசனங்களையும் சேர்த்தே வாசிப்போமாக.