கருவியும் கல்லூரி ஆசிரியரும்

கல்லூரிக்குப் புதிய கருவி ஒன்று வந்திறங்கும்போதெல்லாம், அதனைக் கையாளக் கற்பிக்கும் பயிற்சி வகுப்பும் உடன் வந்து சேர்கிறது. பயிற்சி அளிப்பவர் கருவியை அறிந்தவர், பாடத்தை அறியாதவர். பயில வந்தவர் பாடத்தை அறிந்தவர், கருவியை அறியாதவர். இருவரும் அரைநாள் ஓர் அறையில் அமர்கின்றனர். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நிகழும் என்பது சொல்லப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கப்படுகிறது. இடையே தேநீரும் உண்டு. ஓராண்டு சென்றபின் கணக்கெடுத்துப் பார்த்தால் கருவி மூலையில் கிடக்கிறது. 'ஆசிரியர்கள் புதுமையை ஏற்க மறுக்கின்றனர்' என்ற குறிப்பு மட்டும் கோப்பில் ஏறிவிடுகிறது.

இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நேர்மையானது என்பதை ஆராய முற்படுவார்க்கு இரண்டு எழுத்துகள் பெரிதும் துணை செய்யும். ஒன்று, லாரி கியூபன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2001இல் வெளியிட்ட நூல். வகுப்பறைக் கணினிகள் அளவுக்கு மீறிப் புகழ்ந்து விற்கப்பட்டன, ஆனால் குறைவாகவே பயன்பட்டன என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார். மற்றொன்று, மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த புண்யா மிஸ்ரா, மாத்யூ கோலர் என்னும் இருவர் 2006இல் எழுதிய நீண்ட கட்டுரை. முன்னது நோயைக் கூறுவது. பின்னது மருந்தைக் கூற முயல்வது. இரண்டும் அமெரிக்க மண்ணில் விளைந்தவையாயினும், தமிழ் கற்பிப்போர் படித்து எடைபோட வேண்டியவை.

கியூபன் வெறும் ஏட்டறிவு படைத்தவரல்லர். பள்ளிகளில் பல்லாண்டு வரலாறு கற்பித்தவர். வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் வட்டாரப் பள்ளிகளை 1974 முதல் 1981 வரை கண்காணித்தவர். அதன் பின்னரே ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்திற்குப் பேராசிரியராக வந்தவர். 1986இல் அவர் எழுதிய 'ஆசிரியர்களும் எந்திரங்களும்' என்னும் பொருள்படும் நூலில், 1920 முதல் திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் வகுப்பறைக்குள் புகுந்த வரலாற்றைத் தொகுத்துரைத்தார். அவ்வரலாறு சற்று நகைப்பையும் ஊட்டுகிறது. பாடநூல்களின் இடத்தைத் திரைப்படமே பெரும்பாலும் பிடித்துவிடும் என்று எடிசன் 1922இல் உறுதியாகக் கூறினார். பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க சமோவாத் தீவுகளில் 1964இல் பாடங்களையே தொலைக்காட்சி வழியாக நடத்தத் தொடங்கினர். சில ஆண்டுகளில் மேல் வகுப்பு ஆசிரியர்கள் அதனைக் குறைக்க விரும்பினர். பெட்டி மெல்ல மெல்லத் துணைக்கருவி என்னும் நிலைக்கு இறங்கியது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே கதைதான் என்பது கியூபனின் முடிபு. முதலில் ஆரவாரம். அடுத்து, கருவி பயன் தருகிறது என்று காட்டும் ஆராய்ச்சிகள். பின்னர் ஏமாற்றம். கடைசியில் ஆசிரியரைக் குறை கூறல்.

2001ஆம் ஆண்டு நூலில் அவர் எடுத்துக்கொண்ட களம் கலிபோர்னியாவிலுள்ள சிலிக்கான் பள்ளத்தாக்கு. சிறு குழந்தைகளின் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, இறுதியாகத் தாம் பணியாற்றிய ஸ்டான்போர்டு எனப் படிப்படியாக மேலே செல்கிறார். நூலின் சிறந்த பகுதி இந்த இறுதிப் பகுதியே. பேராசிரியர் ஒருவர் தம் சொந்த நிறுவனத்தை இவ்வாறு உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது அரிது. ஹியூலட், பாக்கார்டு என்னும் இருவரும் பயின்ற இடம் அது. கூகுள் நிறுவனம் முளைவிட்ட இடமும் அதுவே. கருவிக்கோ பணத்திற்கோ அங்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவர் கண்டது யாது? பேராசிரியர்கள் கணினியில் எழுதினர், மின்னஞ்சலில் உரையாடினர், தம் ஆராய்ச்சிக்கு அதனை ஓயாமல் பயன்படுத்தினர், பாடக் குறிப்புகளையும் அதிலேயே உருவாக்கினர். வகுப்பறைக்குள் நுழைந்ததும் முன்போலவே விரிவுரை ஆற்றினர். கருவியை அஞ்சியவர்களோ வெறுத்தவர்களோ அல்லர் அவர்கள். 'ஆசிரியர் புதுமையை வெறுப்பவர்' என்னும் பழைய குற்றச்சாட்டு இவ்விடத்தில் வேரறுந்து போகிறது.

அங்ஙனமாயின் காரணம் எங்கே இருக்கிறது? பல்கலைக் கழகம் ஆராய்ச்சிக்கே முதலிடம் தருகிறது. பதவி உயர்வு அதனைப் பொறுத்தது. கருவியோ நம்பி வகுப்பிற்குச் செல்லும் அளவுக்கு உறுதியானதன்று. இவற்றை எடைபோட்டே ஆசிரியர் தம் நேரத்தைச் செலவிடுகிறார் என்கிறார் கியூபன். இதனோடு மற்றொன்றும் சேர்த்தெண்ணத் தக்கது. கல்லூரிகளில் இன்று மிகுதியாக வழங்கும் கருவிகள் சில வகுப்பறைக்கெனப் பிறந்தவை அல்ல. 1987இல் வெளிவந்த பவர்பாயிண்ட் வணிகக் கூட்டங்களில் காட்டுவதற்கென உருவானது. எட்வர்டு டப்டி என்னும் அறிஞர் 2003இல் எழுதிய சிறு நூலில், அக்கருவி ஒரு வாதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, காரணத்திற்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை மறைத்துவிடுகிறது எனக் கண்டித்தார். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை ஐந்து புள்ளிகளாக்கித் திரையில் காட்டும் வகுப்பில் அமர்ந்தவர்க்கு டப்டியின் கண்டனம் விளங்க வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

கியூபனிடம் குறையும் உண்டு. விரிவுரை ஒழிந்தாலன்றி மாற்றம் நிகழ்ந்ததாக அவர் எளிதில் ஒப்புவதில்லை. விரிவுரை ஒழிய வேண்டியதுதானா என்னும் வினா இருக்கிறது. நல்ல விரிவுரையைக் கேட்டுத் தமிழுக்கு ஆட்பட்டவர் எத்தனையோ பேர். மேலும், வகுப்பிற்கு வர இயலாத மாணவர், கேட்டதை மீண்டும் கேட்க விரும்பும் மாணவர், கண்பார்வை குன்றிய மாணவர் ஆகியோர்க்குச் சிறு கருவி ஒன்று செய்யும் பெரு நன்மை அவர் தராசில் ஏறவில்லை. 2020இல் கொள்ளைநோய் வந்தபோது, மலேசியாவில் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடும், சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் நோய்முறிப்புக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. கருவியைத் தொடாதிருந்தவரும் சில நாட்களில் அதன்வழிப் பாடம் நடத்தினர். ஆசிரியரால் கற்றுக்கொள்ள இயலாது என்பதற்கு அதுவே போதிய மறுப்பு. ஆயினும் பல வகுப்புகளில் நிகழ்ந்தது பழைய விரிவுரைதான். கரும்பலகை இருந்த இடத்தில் திரை இருந்தது, அவ்வளவே. அவ்வாண்டு மார்ச்சிலேயே ஹாட்ஜஸ் முதலிய ஐவர், நெருக்கடியில் செய்யும் தொலைக்கற்பித்தல் வேறு, முறையாகத் திட்டமிட்ட இணையவழிக் கல்வி வேறு எனப் பிரித்துக் காட்டி எழுதினர்.

இனி மிஸ்ரா, கோலர் இருவரின் கட்டுரைக்கு வருவோம். அதன் வேர் லீ ஷுல்மன் 1986இல் வெளியிட்ட கருத்தில் உள்ளது. பாடத்தை அறிதல் ஒன்று. கற்பிக்கும் பொதுமுறைகளை அறிதல் மற்றொன்று. குறிப்பிட்ட பாடத்தைக் கற்பிக்க அறிதல் இவ்விரண்டினும் வேறான மூன்றாம் அறிவு என்றார் ஷுல்மன். தமிழாசிரியர்க்கு இதனை விளக்கல் எளிது. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர்க்குக் குற்றியலுகர நூற்பாக்கள் மனப்பாடமாக இருக்கலாம். மாணவன் அதனை முற்றியலுகரத்தோடு எவ்விடத்தில் மயங்குவான், எந்தச் சொல்லைக் காட்டினால் தெளிவான் என்பது பன்னாள் கற்பித்தவர்க்கே தெரியும். ஷுல்மனின் இம்மூன்றோடு கருவியறிவைச் சேர்த்தனர் மிஸ்ராவும் கோலரும். கருவியைத் தனியே கற்பிப்பதாற் பயனில்லை; இந்தப் பாடத்தின் இந்தப் பகுதியில் மாணவன் தடுமாறும் இந்த இடத்தில் இக்கருவி என்ன செய்யும் என்பதே ஆசிரியர்க்கு வேண்டிய அறிவு என்பது அவர்கள் கொள்கை.

வாய்ச்சொல்லோடு நில்லாமல் ஐந்தாண்டுகள் செய்து பார்த்து எழுதியமையே அக்கட்டுரைக்கு வலிமை தருகிறது. கல்லூரிப் பேராசிரியர்களையும் முதுகலை மாணவர்களையும் சிறு குழுக்களாக அமைத்து, அப்பேராசிரியர்கள் கற்பிக்க வேண்டிய பாடங்களையே இணையவழிப் பாடங்களாக வடிவமைக்கச் செய்தனர். பொத்தான் பாடம் தனியே நடைபெறவில்லை; தேவை எழுந்தபோது கருவியைக் கற்றனர். பேராசிரியர் பாடத்தைக் கொண்டுவந்தார். மாணவர் கருவிப் பழக்கத்தைக் கொண்டுவந்தனர். வயதில் மூத்தவர் இளையோரிடம் கேட்டறிவதில் இழிவொன்றும் இல்லை என்பது அங்கே இயல்பாக நிலைநாட்டப்பட்டது.

இக்கொள்கையைத் தமிழ்ப் பாடத்தில் வைத்துச் சோதித்தால் அதன் உண்மை புலப்படும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைக் கணினியில் ஏற்றிப் பொதுமக்களுக்கு வழங்கியது. சங்க நூல்களில் ஒரு சொல் வரும் இடங்களை மாணவரே தேடித் தொகுத்து, அதன் பொருள் காலப்போக்கில் எவ்வாறு திரிந்தது எனக் காண்பது இன்று ஒரு வகுப்பிலேயே இயல்வதாகும். 'நாற்றம்' என்னும் சொல் நறுமணத்திலிருந்து தீய மணத்திற்கு இறங்கிய கதையை ஆசிரியர் சொல்லக் கேட்பதினும், மாணவன் தானே இடங்களைத் தேடியெடுத்துக் காண்பது மனத்தில் ஊன்றும். தேடும் முறையைப் பயிற்சியாளர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்: சொல்லைத் தட்டெழுதுக, பொத்தானை அழுத்துக.

மாணவன் அவ்வாறே செய்கிறான். 'தொடி' என்று தேடுகிறான். பொன்னும் தொடியும் புணர்ந்து 'பொற்றொடி' ஆன இடம் அவனுக்கு அகப்படாது. அங்கே 'தொடி' இல்லை, 'றொடி' இருக்கிறது. 'மண்' என்று தேடினால் 'மட்குடம்' தப்பிவிடும். 'இல்லை' என்று தேடினால் 'அவனில்லை' கிடைக்காது; உயிரெழுத்து மெய்யோடு கலந்து உருவம் மாறிவிட்டது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' வராது. ஒரு பதிப்பில் சந்தி பிரித்தும் மற்றொன்றில் பிரியாமலும் அச்சிட்டிருப்பின் எண்ணிக்கையே மாறிப்போகும். இவ்வளவும் அறியாத மாணவன், கணினி சொன்ன எண்ணை முடிந்த முடிபாக எழுதிக் கொடுப்பான். அவனைத் தடுத்து நிறுத்திப் புணர்ச்சி விதியை நினைவூட்டி, எந்தெந்த வடிவங்களில் தேட வேண்டும் எனப் பட்டியலிடச் செய்வது யாரால் இயலும்? கருவி கற்பிக்க வந்தவரால் இயலாது. நன்னூல் கற்பிப்பவராலேயே இயலும். மாணவன் ஏன் கற்கிறோம் என்றறியாது சுமந்த புணரியல், அப்போது அவனுக்குக் கையில் பிடித்த கருவியாகிறது. அரைநாட் பயிற்சி எதிலேனும் இச்செய்தி இடம்பெற்றதுண்டா?

தமிழ்க் கணிமையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதற்கு முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர்; தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினியில் தமிழ் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைத் தமிழ் கற்பித்தவர் ஒருவர் முடிவு செய்ய முனைந்த காலம் அது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' தோன்றியதும் மொழியறிவும் பொறியறிவும் ஓரிடத்தில் கூடியதன் பயனே.

இனி, மிஸ்ரா, கோலர் கட்டுரையின் குறைகள். மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஒரு படத்தை அவர்கள் வரைந்து காட்டினர். படம் அழகானது; எளிதில் நினைவில் நிற்பது. அதுவே தீங்காயிற்று. செய்து கற்க வேண்டும் என்பதே கட்டுரையின் உயிர். பயிற்சியாளர் பலர் அவ்வுயிரை விட்டுவிட்டு வட்டங்களை மட்டும் திரையில் காட்டி விரிவுரை ஆற்றத் தொடங்கினர். வட்டங்களின் எல்லையும் தெளிவாக இல்லை. 2010இல் ஆர்ச்சம்போ, பார்னெட் இருவரும் இணையவழிக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் வினாநிரல் தந்து ஆராய்ந்தபோது, பாட அறிவும் கற்பித்தல் அறிவும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் நின்றன. கருவியறிவு ஒன்றே தனித்து நின்றது. மேற்காட்டிய 'பொற்றொடி'யைத் தேடும் அறிவு எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் விடை கூறுவது அரிது. ஆனால் அவ்வறிவு இல்லாத ஆசிரியரை அடையாளங் காண்பது அரிதன்று.

பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு பாடத்தை வடிவமைத்துக் கற்க ஒரு பருவம் முழுதும் வேண்டும். அந்நேரம் எங்கிருந்து வரும்? வாரத்திற்கு இத்தனை மணி என வகுப்புகள் நிரம்பிய விரிவுரையாளர், விடைத்தாள் திருத்தலுக்கும் கூட்டங்களுக்கும் இடையில் அதனைச் செய்தல் வேண்டுமா, அன்றி அதுவும் கற்பிக்கும் மணியாகக் கணக்கில் சேருமா? உடனிருந்து உதவக் கூடிய கருவி அறிந்த அலுவலர், ஒளிவீசியின் விளக்கு அணைந்தபோது மட்டுமே துறைக்கு வருகிறார். அவர் பருவம் முழுதும் தமிழ்த்துறையில் ஒருவராக அமர நிருவாகம் இசையுமா? மிஸ்ராவும் கோலரும் இவ்வினாக்களை மேலோட்டமாகவே தொட்டுச் செல்கின்றனர். கியூபனாயின் இவற்றையே முதலில் கேட்டிருப்பார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர் கல்லூரிகளில் புதிய பயிற்சி வகுப்புகள் வரிசையாக அறிவிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் அழைப்புக் கடிதம் கையில் கிடைக்கும் தமிழ் விரிவுரையாளர், கால அளவு எவ்வளவு என்பதையும், தாம் நடத்தும் பாடத்தின் பெயர் அதில் எங்கேனும் காணப்படுகிறதா என்பதையும் முதலில் பார்ப்பது நன்று.