வரவழைக்கும் ஒதுக்கீடு தங்கவைக்குமா?

எம்.பி.பி.எஸ். முடிக்கப்போகும் மாணவரிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பி.ஜி. வெறும் எம்.பி.பி.எஸ். போதாது என்ற எண்ணம் பெற்றோர், நோயாளி, தனியார் மருத்துவமனை நிர்வாகம், பெண் பார்க்கும் வீடு என எல்லா இடத்திலும் ஊறிக்கிடக்கிறது. எந்த நோயாளிகளோடு வாழ விருப்பம் என்ற கேள்வி எழுமுன்பே எந்த இடம் கிடைக்கும் என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது.

இந்த ஆசையைப் பொது நன்மைக்குத் திருப்ப முயலும் ஏற்பாடுதான் தமிழ்நாட்டில் ‘சர்வீஸ் கோட்டா’ எனப்படும் அரசு மருத்துவர் ஒதுக்கீடு. மாநிலத்தின் பங்கில் வரும் முதுநிலை மருத்துவ இடங்களில் 50 விழுக்காடு, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. மலைப்பகுதியிலும் எளிதில் செல்ல முடியாத ஊர்களிலும் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வரை அது சேரும்.

இந்த ஏற்பாடு மருத்துவர்களின் முடிவுகளை எவ்வளவு ஆழமாகத் தீர்மானிக்கிறது என்பதை 2017 காட்டியது. முதுநிலைப் பட்டப்படிப்பு இடங்களுக்குத் தனி ஒதுக்கீடு கூடாது, ஊக்க மதிப்பெண் மட்டுமே உண்டு என்ற நிலை வந்தபோது அரசு மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2019 அக்டோபர் வேலைநிறுத்தத்திலும் இந்தக் கோரிக்கை இடம்பெற்றது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இதன் வலிமையை முதலில் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்தாமலே இளம் மருத்துவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இது அழைத்து வருகிறது. கொல்லிமலைக்கோ ஜவ்வாது மலைக்கோ சம்பளத்துக்காக மட்டும் வரத் தயங்குபவர், மேற்படிப்புக்கான வழி அங்கே திறக்கிறது என்பதால் வருகிறார். பயிற்சி நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டிப் படிக்க வசதியில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, சம்பாதித்துக்கொண்டே நிபுணராகும் வாய்ப்பையும் இது தருகிறது. இப்படி மேற்படிப்பு முடிப்பவர்கள் பணி ஓய்வு வரை அரசிலேயே இருக்க உறுதிப்பத்திரம் எழுதித் தருவதால், நிபுணர்கள் தனியார் மருத்துவமனைகளுக்குப் போய்விடாமலும் காக்கிறது.

அதன் பயன் பிரசவ அறைகளில் தெரிகிறது. சீமாங்க் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்களில் மகப்பேறு மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இரவு பகலாகத் தேவை. அவர்களை அரசுப் பணிக்குள்ளிருந்தே உருவாக்கிக்கொள்ள ஒதுக்கீடு உதவியது. 2018–20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. இந்திய சராசரி 97. இந்தச் சாதனைக்கு வேறு காரணங்களும் பல. ஆனாலும் அறுவை அரங்கில் ஆள் இருந்தது அவற்றுள் முக்கியமானது.

குறை எங்கே? இந்த ஏற்பாடு மருத்துவரைக் கிராமத்துக்கு அழைக்கும்போதே, அங்கிருந்து கிளம்பும் நாளுக்கும் சேர்த்தே வாக்குறுதி தருகிறது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையம் பலருக்குக் காத்திருக்கும் இடமாகிறது. காலையில் புறநோயாளிகள், மாலையில் நீட் பி.ஜி. கேள்வி வங்கி. சர்க்கரை நோயாளியின் வீட்டு நிலைமையை அறிந்து, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் உறவு உருவாகும் முன்பே கவுன்சலிங் தேதி வந்துவிடும்.

படித்துத் திரும்புபவருக்குப் பழைய ஊரில் இடமும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிபுணர் பணியிடம் கிடையாது. அதனால் பொது சுகாதாரத் துறையில் தொடங்கியவர், மருத்துவக் கல்லூரிக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ நகர்கிறார். உறுதிப்பத்திரம் அவரை அரசில் தங்கவைக்கிறது, ஊரில் தங்கவைப்பதில்லை. 2020 தீர்ப்பே இதைக் கவனித்தது. ஒதுக்கீட்டில் படித்தவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது ஊரக, பழங்குடி, மலைப்பகுதிகளில் பணியாற்ற மாநிலங்கள் வகைசெய்ய வேண்டும் என்றது. ஒதுக்கீட்டுக்குக் காட்டிய வேகத்தை அரசு இதற்கும் காட்டியிருக்க வேண்டும்.

நியாயம் பற்றிய கேள்வியும் உண்டு. அரசுக் கல்லூரியில் 100 முதுநிலை இடங்கள் என்றால் 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. மீதியில் 25 அரசு மருத்துவர்களுக்கு. எஞ்சும் 25 இடங்களே மாநிலப் பொதுப் போட்டிக்கு. அரசு வேலை கிடைக்காததாலேயே வெளியில் நிற்கும் இளைஞரின் ஆதங்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எந்த ஊர் ‘கடினப் பகுதி’ என்ற வகைப்பாடும் வழக்குகளுக்கு உள்ளானது.

இவற்றினும் பெரிய குறை, எந்தத் துறையைத் தேர்வது என்பதை இந்த ஏற்பாடு தொடாமல் விட்டதுதான். சர்வீஸ் மருத்துவரும் மற்றவர்களைப் போலவே ரேங்க் வரிசையில் கதிரியக்கவியலையும் தோல் மருத்துவத்தையும் பொது மருத்துவத்தையும் நாடுகிறார். சமூக மருத்துவம் கடைசி வரிசையில் நிற்கிறது. நாடு முழுவதும் இதே நிலைதான். காலி இடங்களை நிரப்ப 2023-இல் நீட் பி.ஜி. தகுதி வரம்பைப் பூஜ்ய பெர்சென்டைல் வரை இறக்க வேண்டியிருந்தது. கிராமத்தில் கழித்த ஆண்டுகள் ஒருவருக்கு மதிப்பெண்ணாகின்றன. அந்த அனுபவம் அவரது துறைத் தேர்வை வழிநடத்துவதில்லை.

ஒதுக்கீட்டை எடுத்துவிடுவது தீர்வாகாது. எடுத்தால் முதலில் வெறுமையாவது மலைக்கிராமங்கள்தான். அதைத் திருத்த வேண்டும். குடும்ப மருத்துவத்தை முதுநிலைத் துறையாக விரிவாக்கி, வட்டாரச் சுகாதார நிலையங்களில் அதற்குப் பணியிடமும் பதவி உயர்வும் தரலாம். வேலூர் சி.எம்.சி.யில் இதற்குத் தனித் துறையே இயங்குகிறது. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972 முதல் இந்த முயற்சியை மாணவர் சேர்க்கையிலேயே தொடங்குகிறது: ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரைச் சேர்த்து, பட்டத்துக்குப் பின் 9 ஆண்டுகள் அந்த மாகாணத்திலேயே பணிபுரியச் செய்கிறது. ஊரகப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே பரிந்துரைத்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு தரும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அந்த வித்து இருக்கிறது. இதோடு பெண் மருத்துவர்களுக்குப் பாதுகாப்பான குடியிருப்பு, கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வட்டாரத்தில் பணி ஆகியவையும் சேர்ந்தால் தங்குவது தியாகமாக இருக்காது.

கிராம மக்களின் நலனைக் காட்டித்தான் இந்த ஒதுக்கீட்டுக்கு நியாயம் கோரப்பட்டது, நியாயமும் கிடைத்தது. ஆகவே எத்தனை மருத்துவர்கள் மேற்படிப்புக்குச் சென்றார்கள் என்பதோடு, படித்த பின் எத்தனை பேர் அந்த மக்களிடம் திரும்பினார்கள் என்பதையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒதுக்கீடு வென்றதா என்பதை அந்த இரண்டாவது எண்தான் சொல்லும்.