பகிர்வு வழங்கிகளில் பிஎச்பி நீட்சிகள்: தமிழ் நோக்கில் ஒரு விமர்சனம்

பகிர்வு வழங்கி என்பது ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான இணையதளங்களை வைத்து நடத்தும் முறை. குறைந்த ஆண்டுக் கட்டணத்தில் இடம் கிடைப்பதால் பள்ளிகள், ஊர்ச் சங்கங்கள், சிற்றிதழ்கள் போன்றவை இதையே நாடுகின்றன. இவ்வழங்கிகளில் பெரும்பாலும் பிஎச்பி மொழி இயங்குகிறது. அதன் அடிப்படைக்கு மேல் தேவைப்படும் வசதிகள் ‘நீட்சிகள்’ எனப்படும் தனிக் கூறுகளாக வருகின்றன. எந்த நீட்சியை நிறுவுவது என்று முடிவு செய்பவர் தளத்தின் உரிமையாளர் அல்லர், வழங்கியை நடத்துபவர். விளம்பரத்தில் வட்டின் இடம், மின்னஞ்சல் கணக்குகளின் எண்ணிக்கை எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். தமிழைப் பிழையின்றிக் கையாள வேண்டிய இரண்டு நீட்சிகள் உள்ளனவா என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அவற்றுள் ஒன்று எம்பிஸ்ட்ரிங். பல பைட்டுகளால் ஆன எழுத்துகளைக் கையாள்வது இது. மற்றொன்று ஐஎன்டிஎல். ஐசியு என்னும் ஒருங்குறி நூலகத்தை பிஎச்பியுடன் இணைப்பது இது. 2009இல் வெளிவந்த பிஎச்பி 5.3 முதல் மொழியுடனேயே வழங்கப்படுகிறது. இரண்டும் மூலநிரலோடு வருகின்றன. ஆனால் இரண்டுமே தாமாக இயங்குவதில்லை. நிறுவுபவர் கேட்டு இயக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

‘கீழப்பாவூர்’ என்ற எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்புப் பிள்ளை கீ, ழ, ப், பா, வூ, ர் என்று விரல்விட்டு எண்ணி ஆறு என்று சொல்லும். பிஎச்பியின் அடிப்படைச் செயற்கூறு 33 என்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் செலவாகின்றன. அது எண்ணுவது பைட்டுகளை. எம்பிஸ்ட்ரிங் 11 என்கிறது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஐஎன்டிஎல் மட்டுமே 6 என்று விடை தருகிறது. (‘க்ஷ’வை அதுவும் இரண்டாகத்தான் எண்ணும். அதைப் பற்றி இலக்கண ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை என்பதால் விட்டுவிடலாம்.)

இது வெறும் எண்ணிக்கை விளையாட்டு அன்று. ஒரு படிவத்தில் ‘பெயர் 30 எழுத்துகளுக்கு மிகக் கூடாது’ என்று வைத்துப் பைட்டுகளை எண்ணினால், ஆறெழுத்துக் கீழப்பாவூரையே அந்தப் படிவம் ஏற்காது. ஆங்கிலத்தில் பெயர் எழுதியவருக்கு முழு 30 எழுத்துகள் கிடைக்கும். தமிழில் எழுதியவருக்கு ஐந்தாறு. ஊர்ப் பெயரை 10 பைட்டில் வெட்டினால் ‘கீழ’ என்பதோடு ஒரு உடைந்த பைட்டு ஒட்டிக்கொண்டு வரும். அந்த உடைசல் ஜேசன் வடிவாக்கத்துக்குள் போனால் அந்த ஓர் எழுத்து மட்டும் கெடுவதில்லை, இயல்பான அமைப்பில் முழு விடையுமே வராமல் போகும். எம்பிஸ்ட்ரிங் கொண்டு எட்டுக் குறியீட்டில் வெட்டினால் பைட்டு உடையாது. ஆனால் ‘கீழப்பாவ’ என்று வந்து நிற்கும். எங்கள் ஊரார் இதை ரசிக்க மாட்டார்கள்.

எழுத்து எண்ணிக்கைக்காவது ஒரு மாற்று வழி உண்டு. பிஎச்பியோடு வரும் சுருங்குறித் தொடர் வசதியில் ஒருங்குறி முறையை இயக்கி, முழு எழுத்தைக் குறிக்கும் குறியைப் பயன்படுத்தினால் ஆறு என்ற விடையைப் பெற்றுவிடலாம். அகரவரிசைக்கு அப்படி எளிய வழி இல்லை. ஒருங்குறி அட்டவணையில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்கின்படி அமையவில்லை. ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. எனவே நீட்சி இல்லாமல் வரிசைப்படுத்தினால் பாளையங்கோட்டை முன்னும் பாவூர்சத்திரம் பின்னும் வரும். தென்காசிக்குப் பிறகுதான் தெற்கு வரும். புள்ளியின் குறியீட்டெண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிந்தியது என்பதால் குறிஞ்சி முந்திக்கொள்ளும், குற்றாலம் பின்தங்கும். அகராதியைப் புரட்டிப் பழகிய எவருக்கும் இது தலைகீழ் என்று தெரியும். ஐஎன்டிஎல் நீட்சியின் வரிசையாக்கியைத் தமிழுக்கு அமைத்தால் மூன்று இணைகளும் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

என் முதன்மையான குறை நீட்சி இல்லாமையைப் பற்றியது அன்று. இல்லாமையை மறைப்பதைப் பற்றியது. இன்றைய மீடியாவிக்கி மென்பொருள் இவ்விரு நீட்சிகளும் இல்லாவிட்டால் நிறுவவே மறுத்துவிடுகிறது. புதிதாக நிறுவுபவர் எரிச்சலடைவார். ஆனாலும் அது நேர்மையான நடத்தை. அதில் பகுப்புகளைத் தமிழ் நெடுங்கணக்கில் அடுக்கும் அமைப்பும் உண்டு. அதற்கும் ஐஎன்டிஎல் தேவை. வேர்டுபிரசு இடைவழியில் நிற்கிறது. எம்பிஸ்ட்ரிங் இல்லையென்றால் தானே எழுதி வைத்திருக்கும் மாற்று நிரலால் குறியீடுகளை உடையாமல் வெட்டும். அதற்கு மேல் உரிமை கொண்டாடுவதில்லை. தொல்லை தருபவை, நீட்சி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஓசையின்றிப் பைட்டு முறைக்கு இறங்கிவிடும் சிறு நிரல்கள். பக்கம் திறக்கும், பட்டியல் வரும், வரிசை மட்டும் பிசகியிருக்கும்.

எனக்குத் தெரிந்த முன்னாள் மாணவர் பெயர்ப்பட்டியல் ஒன்றில் இது நடந்தது. வழங்கியில் பிஎச்பியின் பதிப்பை உயர்த்தினார்கள். பல கட்டுப்பாட்டுப் பலகங்களில் நீட்சித் தெரிவு பதிப்புக்குப் பதிப்பு தனி. பழையதில் இட்ட குறி புதியதற்குத் தானாக வராது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ‘என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை?’ என்று ஒருவர் கேட்ட பிறகே தெரிந்தது. பெயர் இருந்தது, அவர் தேடிய இடத்தில் இல்லை.

நீட்சிக்கு மாற்றாகச் செயல்படும் நிரப்பு நிரல்களை நம்பலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிம்போனி திட்டத்தார் வழங்கும் நிரப்பிகள் பரவலாகப் பயன்படுகின்றன. எழுத்து எண்ணிக்கைக்கு அவை உதவும். ஆனால் ஐசியு வரிசையாக்கத்துக்கான அவர்களது நிரப்பி ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியது. ஆங்கிலம் எழுதுவோருக்கு நீட்சி இல்லாமலே வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். தேவைப்படும் நமக்கு நிரப்பி இல்லை.

வழங்கி நடத்துவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரே கணினியில் பலர் இருக்கும்போது கட்டளை முனையத்தை இயக்கும் செயற்கூறுகளை அடைத்து வைப்பது பாதுகாப்புக்கு அவசியம். ஐசியு தரவுக் கோப்பு ஏறத்தாழ 30 மெகாபைட்டு என்பதும் உண்மை. ஆனால் அது நினைவகத்தில் ஒருமுறை ஏறிய பின் எல்லாச் செயல்முறைகளும் பகிர்ந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. கணக்கு ஒன்றுக்கு 30 அன்று. ஒரு மொழியை எழுதுவதற்கு வேண்டியதையும் ஆபத்தான செயற்கூறுகளையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் தவறு.

அவர்களைவிடப் பெரிய பொறுப்பு பிஎச்பி மொழிக்கே உரியது என்பது என் கருத்து. சரங்களை முழுவதும் ஒருங்குறியாக்க எண்ணிய பிஎச்பி 6 திட்டம் 2010இல் கைவிடப்பட்டது. அந்த எண்ணை விட்டுவிட்டு 2015இல் பதிப்பு 7 வந்தது. சரம் என்பது இன்றும் பைட்டு வரிசைதான். பைத்தான் 3 இந்தக் கசப்பு மருந்தை 2008இலேயே குடித்தது. அதிலும் தமிழ் அகரவரிசைக்குத் தனி நூலகம் வேண்டும் என்றாலும், குறியீடு நடுவில் உடைவதில்லை. இணைய உலாவிகளிலோ எழுத்துப் பிரிப்பும் மொழிவாரி வரிசையாக்கமும் ஜாவாஸ்கிரிப்டின் பகுதியாகவே வந்துவிட்டன. கையிலுள்ள கைபேசி செய்யும் வேலையைக் கட்டணம் வாங்கும் வழங்கி செய்யாதிருப்பது விந்தை.

பழைய தமிழ் ஆவணங்களை வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிஸ்கி குறிமுறையிலுள்ள கோப்புகளை ஐகான்வ் என்னும் நீட்சி ஒருங்குறிக்கு மாற்றித் தரக்கூடும். லினக்சின் கிளிப்சி நூலகத்தில் டிஸ்கி அட்டவணை உண்டு. ஆனால் நீட்சி இருப்பதும் அதன் அடியில் அந்த அட்டவணை இருப்பதும் வேறு வேறு. மாற்றிப் பார்த்துத்தான் அறிய முடியும்.

பணம் கட்டுமுன் வழங்கி நிறுவனத்திடம் ‘தமிழ் ஆதரவு உண்டா’ என்று கேட்க வேண்டாம். உண்டு என்றே பதில் வரும். எம்பிஸ்ட்ரிங், ஐஎன்டிஎல் இரண்டும் நான் பயன்படுத்தப்போகும் பிஎச்பி பதிப்பில் இயங்குகின்றனவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கணக்குத் திறந்ததும் பாவூர்சத்திரம், பாளையங்கோட்டை இரண்டையும் தமிழ் வரிசையாக்கியிடம் கொடுத்துப் பாருங்கள். பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். நிரல் எழுதுவோர் தம் கம்போசர் கோப்பில் ஐஎன்டிஎல் நீட்சியைக் கட்டாயத் தேவையாகக் குறித்துவிட்டால், இல்லாத இடத்தில் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். நீட்சிகளைக் காண பிஎச்பி-இன்ஃபோ பக்கத்தைத் திறந்தவர்கள், பார்த்து முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும். வழங்கியின் உள்விவரங்கள் அனைத்தையும் அது வெளியாருக்கும் காட்டும்.