வாட்டும் வாட்

மே மாதம், இரவு எட்டு மணி, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் என் மாடி அறை. எதிரே திரையில் இரண்டு எண்கள். ஒன்று 160. ஒரு மணி நேரமாக அது அசையவில்லை. இன்னொன்று 132-இல் தொடங்கி, ஏறி ஏறி, இப்போது 158-இல் நிற்கிறது. முதலாவது என் கால் தள்ளும் வாட், இரண்டாவது நிமிடத்துக்கு என் இதயம் துடிக்கும் கணக்கு. காலுக்கு வேலை கூடவே இல்லை. அப்படியென்றால் நெஞ்சு மட்டும் யாருக்காக ஓடுகிறது?

ஜனவரியிலிருந்து ஒரு ஸ்மார்ட் ட்ரெய்னரோடு குடித்தனம் நடத்துகிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை நேராக மாட்டும் ரகம். கூடவே கிராங்கில் ஒரு பவர் மீட்டர், மார்பில் ஒரு ஹார்ட் ரேட் ஸ்ட்ராப். எத்தனை கிலோ, எத்தனை சதவீதச் சரிவு வரை காட்டும், துல்லியம் எவ்வளவு என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது. வாங்க நினைப்பவர் அதை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பார். கம்பெனிப் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் புலம்பப்போகும் குறை ஒரு கம்பெனியின் குறை அல்ல, இந்தச் சாமான்கள் பிறந்த நாட்டின் குறை.

கல்பாக்கத்துக்காரன் எதற்கு வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று கேட்கலாம். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூட்டம் கூட்டமாக மாமல்லபுரம் வரை மிதித்து வருகிறார்கள். எனக்கோ வாசலிலேயே ஈசிஆர். ஆனால் வேலை முடிந்து நான் வீடு வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் அந்தச் சாலை லாரிக்கும் பஸ்ஸுக்கும் சொந்தம், மிச்சமிருப்பது நாய்களுக்கு. ஐம்பத்திரண்டு வயதில் வீரம் காட்ட எனக்கு விருப்பமில்லை.

முதல் இரண்டு மாதம் தேனிலவுதான். சத்தம் குறைவு என்று போட்டிருந்தது, உண்மைதான். ஆனால் அதிர்வு தரை வழியாக இறங்கும் என்று எங்கும் போடவில்லை. மூன்றாம் நாளே கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். “மேல கிரைண்டர் வாங்கிட்டீங்களா தம்பி? ராத்திரியில யாருக்கு மாவு அரைக்கிறீங்க?” கனமான ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் உறவு சீரானது.

எர்க் மோடு என்று ஒன்று இருக்கிறது. 160 வாட் என்று செயலியில் சொல்லிவிட்டால், எந்தக் கியரில் மிதித்தாலும் ட்ரெய்னர் தானே இறுக்கியும் தளர்த்தியும் 160-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும். யோசிக்கவே வேண்டாம், மிதித்தால் போதும். ஆனால் களைத்துப்போய்க் காலின் வேகம் குறைந்தால், அதே வாட்டை வசூலிக்க அது இன்னும் இறுக்கும். இறுக்க இறுக்கக் கால் இன்னும் மெதுவாகும், அது மேலும் இறுக்கும். தவணை தவறியவனிடம் வட்டிக்கு வட்டி போடுகிற கந்துவட்டிக்காரனின் புத்தி. ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு, சேற்றில் சிக்கிய மாட்டுவண்டி போல அப்படியே நின்றுவிட்டேன். பிப்ரவரியில் சிரித்துக்கொண்டே முடித்த அதே பயிற்சி அது. சந்தேகம் அன்றைக்குத்தான் முளைத்தது.

இந்த இரண்டு எண்களும் எப்படி வருகின்றன என்று பார்த்தால் வம்பு புரியும். பவர் மீட்டர் அளப்பது உலோகத்தை. மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வாட்டைச் சொல்கிறது. அறையின் சூட்டுக்கு ஏற்ப அதுவும் கொஞ்சம் நகரும் என்பதால், ஏறும் முன் ஒருமுறை பூஜ்யம் வைத்துவிட வேண்டும். அதன்பின் அதற்கு வெயிலும் இல்லை, புழுக்கமும் இல்லை. ஸ்ட்ராப் அளப்பது உயிரை. இதயத்தின் மின்துடிப்பைத் தோலிலிருந்து எடுக்கிறது. வெயில், தூக்கமின்மை, மதியம் சாப்பிட்ட பிரியாணி எல்லாம் அதில் தெரியும்.

கம்பியில்லாத இதயமானி 1982-இல் ஃபின்லாந்தின் போலார் கம்பெனியில் வந்தது. கிராங்கில் பூட்டும் பவர் மீட்டரை 1986-இல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபெரர் செய்தார். இரண்டுமே குளிர்நாட்டுப் பிள்ளைகள். மார்பில் கட்டும் முன் பட்டையைத் தண்ணீரில் நனைக்கச் சொல்கிறது கையேடு. கல்பாக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு ஷூ லேஸ் முடிவதற்குள் தானாக நனைந்துவிடுகிறது.

நாம் மிதிக்கச் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. 160 வாட் மிதிக்கும்போது உடம்புக்குள் ஐந்நூறு, அறுநூறு வாட் வெப்பம் உண்டாகிறது, கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி. ரோட்டில் போனால் எதிர்க்காற்று அதை வாரிக்கொண்டு போகும். அறைக்குள் காற்று நின்ற இடத்தில் நிற்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், வழிந்து தரையில் சொட்டினால் ஒரு பயனும் இல்லை. ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பிய கடலோரக் காற்றில் எங்கே காய்வது? சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தின் நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் குறையவே, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. என் துடிப்பு 132-இலிருந்து 158-க்கு ஏறியதில் பெரும்பகுதி காலுக்காக ஓடியதல்ல, தோலுக்காக ஓடியது.

இதை வேறெந்த ஊர்க்காரனுக்கும் விளக்க வேண்டியிருக்கும், எங்கள் ஊர்க்காரனுக்கு வேண்டாம். இங்குள்ள அணுமின் நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் மின்சாரமாகிறது. மீதியைக் கொண்டுபோகக் கடலே தேவைப்படுகிறது. கடலுக்கடியில் சுரங்கம் வெட்டித் தண்ணீரை உள்ளே இழுக்கிறார்கள். உலையைக் கடற்கரையில் வைத்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம். குளிர்விக்க வழி வைத்துக்கொண்டுதான் உலையை மூட்ட வேண்டும் என்று ஊருக்கே தெரியும். நான்தான் மறந்துவிட்டேன்.

ஆகவே செங்கல்பட்டு போய், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு வைக்கிற மாதிரி ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் வாங்கிவந்தேன். ஃபேன் வருமுன், தொடக்கத்தில் சொன்ன அந்த 158 ராத்திரி, ஒரு மணி நேரத்தின் முற்பாதியில் துடிப்பின் சராசரி 138, பிற்பாதியில் 151. அதே வாட்டுக்கு எட்டரை சதவீத நழுவல். இது ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது ஜோ ஃப்ரீல் போன்ற பயிற்சியாளர்களின் கணக்கு. ஃபேன் வந்த மறுவாரம், அதே 160 வாட், அதே எட்டு மணி: முற்பாதி 136, பிற்பாதி 141. நழுவல் மூன்றரை. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய ட்ரெய்னர் சொல்லாத உண்மையை ஒரு மண்டப ஃபேன் சொல்லிவிட்டது. அது இழுப்பதும் ஏறக்குறைய நான் மிதிக்கும் அளவு கரண்ட்தான். கீழ்வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அந்தக் காலத்துல மிதிச்சா டைனமோ லைட்டாவது எரியும். நீங்க மிதிச்சா மீட்டர்ல ஓடுது!”

இப்போது என் முக்கியமான கோபத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டை எஃப்டிபி என்கிறார்கள். பொதுவழக்கு, இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து, வந்த சராசரியில் 95 சதவீதம் எடுத்துக்கொள்வது. மார்கழிக் குளிரில் எனக்கு 200 வந்தது, எஃப்டிபி 190. ஃபேன் வாங்கும் முன், அக்னி நட்சத்திரத்தில் ஒரு மாலை 180 வந்தது, எஃப்டிபி 171. உடனே செயலி, என் உடல்தகுதி பத்தில் ஒரு பங்கு சரிந்துவிட்டதாகச் சிவப்பு அம்புக்குறி போட்டது. திரையில் பனிமலை ஏறுகிற சித்திரம் வேறு. இந்த அறை எத்தனை டிகிரி, எவ்வளவு புழுக்கம் என்று அது ஒருமுறைகூடக் கேட்டதில்லை. காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்க்காமலே சோம்பேறி என்று திட்டும் வாத்தியாரைப் போல.

துடிப்புக் கணக்கிலும் இதே அவசரம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொண்டு, எனக்கு 168 என்று முடிவுகட்டிவிட்டது. எங்கள் ஊரில் 220 என்றால் ஓர் உலையின் மெகாவாட். ஒரு வாதத்துக்கு நான் 220 வாட் மிதிப்பதாக வைத்துக்கொண்டால், என்னைப் போல் பத்து லட்சம் பேர் சேர்ந்தால்தான் ஓர் உலைக்கு ஈடாகும். அந்த எண்ணில் எனக்குப் பெருமைதான். உச்சத் துடிப்புக்கு அது வெறும் குத்துமதிப்பு. 2001-இல் டனாகாவும் குழுவினரும் சொன்ன 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்ற கணக்கில் எனக்கு 172. அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்னே பின்னே போகும். நான் என் கண்ணால் பார்த்த உச்சம் 177. செயலியின் அமைப்புக்குள் போய் அதைக் கையால் போட்ட பிறகுதான், என் சாதாரண மாலைகள் அபாயச் சிவப்பிலிருந்து இறங்கின.

உப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வெளியே கடற்காற்று, உள்ளே வியர்வை. வீட்டை விட்டே நகராத சைக்கிளின் செயினில் வாரத்துக்குள் துரு பூத்துவிட்டது, ஹேண்டில்பார் போல்ட் அடுத்த மாதம். ஸ்ட்ராப்பின் உலோகப் பொத்தான்களில் பச்சைக் களிம்பு. மிதித்து முடித்ததும் ஸ்ட்ராப்பை நல்ல தண்ணீரில் அலசுங்கள், சைக்கிளை ஈரத்துணியால் துடையுங்கள், ஹேண்டில்பாரில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கட்டும்.

வாங்கலாமா? ட்ரெய்னர் நல்ல சாமான், கால் ஏமாற்றினால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் ஃபேனை வாங்குங்கள், மிஞ்சிய பணத்தில் ஸ்ட்ராப், அதற்கப்புறம் ட்ரெய்னர். மார்கழியில் வாட்டை நம்பலாம், சித்திரையில் துடிப்புதான் எஜமான். இப்போது எர்க் மோட்டை அணைத்துவிட்டு 145-ஐத் தாண்டாமல் மிதிக்கிறேன், வாட் எவ்வளவு வருகிறதோ வரட்டும். கண் அங்கே போய்விடக் கூடாது என்று, திரையில் வாட் தெரியும் மூலையில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். ஐப்பசி மழை விழுந்ததும் உரித்துவிடுவேன்.